திருத்த விண்ணப்பம்

எனக்குப் பொறுமை கிடையாது. மலைமேல் செம்மேட்டில் இ-சேவை மையம் வைத்திருப்பவளுக்கு முதலில் வேண்டியது அதுதான் என்று என் வீட்டுக்காரர் மணிவண்ணன் வாரத்தில் மூன்று நாளாவது சொல்லிக்காட்டுவார். கரண்ட் இருந்தால் நெட் இருக்காது. நெட் இருந்தால் சர்வர் வேலை செய்யாது. எல்லாம் ஒழுங்காக இருக்கிற அபூர்வ நாளில், ஆதார் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். நான் கத்துவேன். அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியதும் மனசு கேட்காது. கூப்பிட்டு, "நாளைக்கு வரிசையில நிக்க வேணாம், நேரா உள்ள வாங்க" என்பேன். ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

நான் மலையில் பிறந்தவள் இல்லை. கீழே புளியஞ்சோலைப் பக்கம் பிறந்து, வாழவந்தி நாட்டில் (இங்கே பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) வாழ்க்கைப்பட்டு மேலே வந்தவள். இருந்தாலும் இந்த மலைக்காரர்களின் நல்லது கெட்டது எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு இருந்தது. போன வருஷம் ஜூலை வரைக்கும் இருந்தது.

என் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. போன் இல்லாதவர்கள், போன் இருந்தும் டவர் கிடைக்காத ஊர்க்காரர்கள் யார் விண்ணப்பம் போட்டாலும் என் நம்பரையே கொடுத்துவிடுவேன். அதனால் யாருடைய விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்கிற தகவலெல்லாம் என் போனுக்குத்தான் வரும். திண்ணனூர் நாட்டில் யாருக்குச் சாதிச் சான்று கிடைத்தது, யாருடைய முதியோர் உதவித்தொகை நின்றுபோனது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஜூன் கடைசியில் அண்ணாமலை வந்தார். கூடவே மனைவி அத்தாயி, மகள் இளமதி. திண்ணனூர் நாட்டில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம் உள்ளே நடக்க வேண்டிய ஊர். குச்சிக்கிழங்கும் சாமையும் போட்டு, நாலு மரத்தில் மிளகுக்கொடி ஏற்றிப் பிழைக்கிற குடும்பம். இளமதி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நாமக்கல் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மற்ற எல்லாத் தாள்களும் கொடுத்தாயிற்று, பிறப்புச் சான்று மட்டும் பாக்கி. ஜூலை முப்பத்தொன்றுக்குள் கொண்டுவராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அண்ணாமலை நிம்மதியாகத்தான் இருந்தார்.

"ஏனுங்க, பாப்பா பேரெல்லாம் அப்பவே பதிஞ்சாச்சுங்க. நீங்க எடுத்துக் குடுத்தாப் போதும்."

பெற்றோர் பெயரைப் போட்டுத் தேடினேன். இருந்தது. இளமதி, பெண், தந்தை அண்ணாமலை, தாய் அத்தாயி. பிறந்த தேதி 14.10.2005. அடிவாரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பிறந்ததாகப் பதிவு. ஆனால் அந்தப் பெண்ணின் மதிப்பெண் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றிலும் 02.11.2007 என்று இருந்தது.

"எது சரியான தேதி?" என்றேன்.

"ரெண்டாயிரத்து ஏழுதானுங்க. ஐப்பசி மாசம்" என்றார் அண்ணாமலை.

"அப்புறம் இதுல ஏன் ரெண்டாயிரத்து அஞ்சுன்னு இருக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். அத்தாயி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத்தம் எத்தனை புள்ளைங்க உங்களுக்கு?"

"ரெண்டுங்க. இவ, அப்புறம் எளையவன் சுபாஷு. எட்டாவது படிக்கிறான்."

இதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. தேதி மாறிக் கிடப்பதெல்லாம் எனக்குப் பழகிப்போன விஷயம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தேதி தெரியாமல், வாத்தியார் ஜூன் முதல் தேதி என்று எழுதிவிட்ட பிள்ளைகள் இந்த மலையில் எத்தனையோ பேர். இங்கே பதிவேட்டில்தான் தப்பு, திருத்த விண்ணப்பம் போட்டால் சரியாகிவிடும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

"இதுல பேரு எந்த எடத்துல இருக்குது கண்ணு?" என்று அத்தாயி கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் காட்டினேன். அவர் விரலை நீட்டி, திரையில் அந்த எழுத்துகளைத் தொட்டார்.

"தொடாதீங்கக்கா, கறை படியும்" என்றேன்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்றைக்கு அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

தடுப்பூசி அட்டையை ஆதாரமாக வைத்து, பிறந்த தேதியை மாற்றும்படி விண்ணப்பம் போட்டேன். என் நம்பருக்குக் குறுஞ்செய்தி வந்தது. விண்ணப்பம் பெறப்பட்டது. விண்ணப்ப எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அத்தாயி அதை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சந்தைக்கு வருகிற நாளெல்லாம் அவர் மட்டும் தனியாக வந்தார். வந்ததும் ஒரே கேள்விதான்.

"எந்த எடத்துல நிக்குதுங்க?"

பஸ்ஸைக் கேட்பதுபோல் கேட்பார். முதல் வாரம், "இப்பத்தான் கெளம்பியிருக்குது" என்று நானும் கேலியாகச் சொன்னேன். இரண்டாவது வாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்தது. "வி.ஏ.ஓ. கிட்ட நிக்குது. அங்கிருந்து ஆர்.ஐ. போய் விசாரிப்பாரு. அப்புறம் மேல போயி, கையெழுத்தாகி வந்துரும்" என்றேன்.

"வந்தா அந்தப் பழைய தேதி என்ன ஆவும் கண்ணு?"

"அது போயிரும். அதை எடுத்துட்டுப் புதுத் தேதி ஏறிடும்."

"எங்கயும் இருக்காதுங்களா? ஒரு ஓரத்துல கூட?"

"தப்பான தேதி எதுக்குக்கா இருக்கணும்?"

வரிசையில் அடுத்து நின்றவர் தன் ரேஷன் கார்டை என் மேசையில் வைத்தார். அத்தாயி கொஞ்ச நேரம் கதவோரம் நின்றிருந்துவிட்டுப் போனதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்தேனே தவிர, என்ன ஏது என்று கேட்கவில்லை.

ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலையில் வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., தனபால் என் மையத்துக்கே வந்தார். நாமக்கல்லிலிருந்து மேலே மாற்றலாகி வந்தவர். அதிகம் பேசமாட்டார், கோப்பைத் தேங்கவிடவும் மாட்டார். கையில் ஆஸ்பத்திரிப் பதிவின் நகல் இருந்தது.

"கோகிலா, நீ போட்டிருக்கிற திருத்தம் இடிக்குதும்மா. ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்லயும் இதே தேதிதான் இருக்கு. ரெண்டாயிரத்து அஞ்சு அக்டோபர் பதினாலு, காலையில ஆறு பத்து, பெண் குழந்தை, ரெண்டு கிலோ நானூறு. எடை வரைக்கும் எழுதியிருக்கான். இது எப்படித் தப்பாகும்?"

"அப்ப என்ன சார் பண்றது? பொண்ணுக்கு இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு."

அவர் யோசித்தார். "அம்மாகிட்ட ஒரு வாக்குமூலம் வாங்கு. அந்தத் தேதியில தனக்குக் குழந்தை எதுவும் பிறக்கலை, அது வேற யாருதோ மாறிப் பதிவாயிருக்குன்னு. அது உண்மையா இருந்தா எழுதிக் குடுக்கட்டும். நான் இன்னைக்கே மேல அனுப்பிடறேன்."

அது உண்மையா இருந்தா என்று அவர் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது.

அன்றைக்குச் சந்தை நாள். பத்தரை மணிக்கு அத்தாயி வந்தார், கூட இளமதியும். நான் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தேன். எதிரில் உட்காரவைத்து வாய்விட்டு வாசித்தேன்.

"அண்ணாமலை மனைவி அத்தாயி ஆகிய நான் உறுதிகூறுவது என்னவென்றால், 14.10.2005 அன்று எனக்குக் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. மேற்படி தேதியில் என் பெயரில் உள்ள பதிவு தவறானது..."

மை அட்டையை நகர்த்தினேன். அத்தாயி இடது கைக் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். தாளுக்கு மேலே கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது.

"இன்னொருக்கா படிங்க கண்ணு."

படித்தேன்.

"எதுவும் பொறக்கலைன்னா இருக்குது?"

"ஆமாக்கா. வைங்க."

"பொறந்துச்சுங்க" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. இளமதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொறந்துச்சுங்க. ஆஸ்பத்திரியிலதான் பொறந்துச்சு. பதினோரு மாசம் எங்கூட இருந்துச்சு. ரெண்டு பல்லு மொளைச்சிருந்துச்சு. அதைப் பொறக்கவே இல்லைன்னு நான் எப்படிங்க கை வெப்பேன்?"

விரலில் மையோடு அவர் சொன்னதை நான் அப்படியே இங்கே எழுதுகிறேன். மூத்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் வைத்த பெயர்தான் இளமதி. புரட்டாசியில் விடாத மழை, நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில் பிள்ளை சில்லிட்டுவிட்டது. அங்கிருந்தே திரும்பி வந்து, காட்டு ஓரத்தில் புதைத்திருக்கிறார்கள்.

"எங்க ஊட்டுப் பக்கம் ஒரு வழக்கமுங்க. பால்குடிப் புள்ள போச்சுன்னா அழுவக் கூடாது. அழுதா அதுக்குத் திரும்பி வர வழி தெரியாமப் போயிருமாம். அந்தப் பேரை யாருக்கும் குடுக்காம வெச்சிருந்து, அடுத்து வார புள்ளைக்கு வெச்சிரோணும். அதேதான் திரும்ப வந்திருக்குதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் செத்துச்சுங்கிற பேச்சையே எடுக்கக் கூடாதுங்க. இவ ஊட்டுலயே பொறந்தா. பேரைப் பதியோணுமான்னு இவங்க அப்பாவைக் கேட்டேன். அதான் மொதல்லயே பதிஞ்சிருக்குதே, ஒரே புள்ளைக்கு எதுக்கு ரெண்டு தடவைன்னாரு. எனக்கும் செரின்னுதான் பட்டுச்சு."

அண்ணாமலை பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரெண்டு பிள்ளைகள் என்று அவர் சொன்னது அவர் கணக்கில் சரிதான். போன பிள்ளையும் வந்த பிள்ளையும் அவருக்கு ஒன்று. பதிவேட்டில் இருக்கிற வரி, பதினேழு வயதில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சொந்தமான வரி. அதில் தேதியை மாற்றுவதில் அவருக்கு என்ன கஷ்டம்?

கஷ்டம் எல்லாம் பெற்றவளுக்குத்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இதை மொத நாளே சொல்லியிருக்கலாமில்லக்கா! இருபத்தஞ்சு நாள் வீணாப் போச்சே!" என்று கத்தினேன். கத்தும்போதே தெரிந்தது, நான் கத்த வேண்டியது என்னைப் பார்த்துத்தான். ரெண்டு தேதிக்கும் நடுவில் ரெண்டு வருஷம் இருந்தது. ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். கேட்காமலே, ஒரு குழந்தை இந்த உலகத்தில் பிறந்தது என்பதற்கு பேரோடு இருக்கிற ஒரே அத்தாட்சியை அழிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டது நான்.

இளமதி வாக்குமூலத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

"சின்னதுல சொல்லுவீங்களே," என்றாள் மெதுவாக, "நீ மொதத் தடவ வந்தப்ப ரெண்டு பல்லு மொளைச்சிருந்துச்சு, மொதத் தடவ வந்தப்ப எங் கைய புடிச்சுக்கிட்டே தூங்குவன்னு. நான் அதையெல்லாம் கதைன்னு நெனைச்சேன்."

"கதையில்ல கண்ணு."

"அப்ப அது நானும் இல்ல."

அத்தாயி மை படிந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வையுங்கம்மா" என்றாள் இளமதி. "ஒம்போது நாள்தான் இருக்குது. எங்கூடப் படிச்சதுல எனக்கு மட்டுந்தான் எடம் கெடைச்சுது. பத்தொம்போது வருசத்துக்கு முன்னால செத்துப்போன புள்ளைக்காக என் சீட்டுப் போவோணுமா?"

"உனக்கு வேண்டாம்னு நான் சொல்லுவனா சாமி? நான் கை வெச்சா அவ பொறக்கவே இல்லைன்னு ஆயிரும். போனதும் இல்லைன்னு ஆயிரும். அப்புறம் அவளுக்கு என்னதான் இருக்குது?"

இளமதி எழுந்து வெளியே போய்விட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் பஸ் ஸ்டாண்டில் நிற்பது எனக்குத் தெரிந்தது. நாமக்கல் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பி, முதல் வளைவில் திரும்பி மறைந்தது. நான் ஒரு ஈரத் துணியை எடுத்து அத்தாயியின் விரலைத் துடைத்தேன். மை லேசில் போகவில்லை. வாக்குமூலத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். யாரையும் கேட்காமல்தான் கிழித்தேன்.

கால் மணி நேரம் கழித்து இளமதி உள்ளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"மேடம், இதுக்கு வேற வழியே இல்லையா?"

இருக்கிறது என்றேன். மூத்தவளின் இறப்பைப் பதிய வேண்டும். இளையவளின் பிறப்பைத் தனியாகப் பதிய வேண்டும். இரண்டுமே காலம் கடந்துபோனவை என்பதால் சாட்சி, விசாரணை, கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வின் உத்தரவு எல்லாம் வேண்டும். ஒன்பது நாளில் நடக்காது. ஒன்பது மாதத்தில் நடந்தால் அதிர்ஷ்டம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அக்காளுக்கு மொதல்ல போடுங்க" என்றாள்.

அந்த வார்த்தை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யார் வாயிலிருந்தும் வந்திருக்காது. அத்தாயி மகளைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

இறந்த தேதி கேட்டேன். அத்தாயிக்கு இங்கிலீஷ் தேதி தெரியவில்லை. "பொரட்டாசி மொதச் சனிக்கெழமைங்க. பெருமாளுக்கு வெரதம் இருக்கிற நாளு" என்றார். 2006ஆம் வருஷத்து நாட்காட்டியைத் திறந்து பார்த்தேன். செப்டம்பர் இருபத்து மூன்று. தட்டச்சு செய்யும்போது என் விரல் இரண்டு முறை தவறியது. நான் வேகமாகத் தட்டச்சு செய்கிறவள். எனக்கு அப்படித் தவறுவதில்லை.

தனபாலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையதுதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் திட்டவில்லை. திருத்த விண்ணப்பத்தை மூடிவிடும்படி எழுதி அனுப்பினார். மறுநாள் என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஒன்பது வருஷத்தில் அந்தச் செய்தியைப் பார்த்து நான் நிம்மதியாக மூச்சு விட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆகஸ்ட் முதல் தேதி கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு மையத்துக்கு வந்திருந்த இளமதியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். "சரிங்க மேடம். அடுத்த வருசம் மறுபடி அப்ளை பண்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் செம்மேட்டிலேயே ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அண்ணாமலைதான் மசியவில்லை. பெயரைப் பிரித்தால் பிள்ளைக்கு ஆகாது என்றார். இளமதிக்கு லேசாகத் தலைவலி வந்தால்கூட, "பாத்தியா?" என்று மனைவியிடம் கேட்பாராம். என் மையத்துப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டார்.

அத்தாயி வந்துகொண்டிருந்தார். இப்போது மஞ்சள் பையில் இரண்டு சீட்டுகள். கேள்வியும் மாறியிருந்தது.

"பெரியவளுது எங்க நிக்குதுங்க? சின்னவளுது எங்க நிக்குதுங்க?"

நானும் அப்படியே பதில் சொல்லப் பழகிவிட்டேன். பெரியவளுது வி.ஏ.ஓ. கிட்ட. சின்னவளுது அதுக்கும் கீழ, ஒரு தாள் குறையுதாம். பெரியவளுது ஆர்.ஐ. தாண்டிருச்சு. ரெண்டும் தாசில்தார் ஆபீஸ்ல சேர்ந்து நிக்குது. அந்தப் பதிலைச் சொன்ன அன்றைக்கு அத்தாயி லேசாகச் சிரித்தார். "ஒண்ணா நிக்கறாங்களா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதன் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. வேலைக்கு நடுவில், யாரும் கேட்காமலே, அந்த இரண்டு எண்களையும் அடித்துப் பார்ப்பேன். பரிசீலனையில் உள்ளது என்று வரும். மத்தியானம் மறுபடி அடித்துப் பார்ப்பேன். அதேதான் வரும்.

டிசம்பரில் நாமக்கல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரணை. நானும் போனேன். கடையை ஒரு நாள் மூடிவிட்டா என்று மணிவண்ணன் கேட்டார், ஆமாம் என்றேன். குழி வெட்டிய முத்தன் சாட்சிக்கு வந்திருந்தார். எழுபது வயது மனிதர். எந்த இடம், எந்தப் பக்கம் தலை வைத்தது என்பது வரை சொன்னார். நாங்கள் கூப்பிடாமலே அண்ணாமலையும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி சட்டையில் சுவரோரம் நின்றார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

உள்ளே கூப்பிட்டதும் அதிகாரி அவரிடம்தான் முதலில் கேட்டார்.

"உங்களுக்கு மொத்தம் எத்தனை குழந்தைங்க?"

அண்ணாமலை வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அத்தாயி தரையைப் பார்த்தபடி நின்றார். கோப்பில் வைத்த பேனாவோடு அதிகாரி காத்திருந்தார்.

"மூணுங்க" என்றார் அண்ணாமலை. "மூணு பொறந்துதுங்க. மூத்த பொண்ணு செத்துப்போச்சு."

சொல்லி முடித்ததும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

இந்தப் பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடுத்தடுத்து இரண்டு முறை அதிர்ந்தது. இரண்டு எண்கள். இரண்டிலும் ஒரே சொல். அங்கீகரிக்கப்பட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். இளமதி அப்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டிவந்தாள். மத்தியானம் ஆகிவிட்டது.

மூன்று தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். மூன்றிலும் ஒரே பெயர்.

"எது யாருதுங்க?" என்று கேட்டார் அத்தாயி.

அவர் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொடவைத்தேன். "இது சின்னவ பொறந்தது. இதை எடுத்துக்கிட்டு அவ இந்த வருசம் காலேஜுக்குப் போலாம். இது பெரியவ பொறந்தது. ஒரு எழுத்துகூட மாறல, அப்படியே இருக்குது." மூன்றாவது தாளின் மேல் அவர் விரலை மெல்ல வைத்தேன். "இது பெரியவ போனதுக்கா."

இளமதி தன்னுடைய சான்றை எடுக்கவில்லை. அக்காவின் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தேதிகளையும் பார்த்து விரல்விட்டு எண்ணினாள்.

"முந்நூத்தி நாப்பத்து நாலு நாள் இருந்திருக்காம்மா" என்றாள்.

அத்தாயி இறப்புச் சான்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரசு முத்திரை இருந்த இடத்தை விரலால் தடவினார். இந்தத் தடவை நான் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பார்வை. எங்கள் மாதிரி ஆபீஸ்காரர்களிடம் மலைக்காரர்கள் எதையும் கேட்டுத்தான் செய்வார்கள்.

"அப்ப அவ போயிட்டான்னு ஆயிருச்சுங்களா கண்ணு?"

"ஆயிருச்சுக்கா."

"இனி அழுவலாமுங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன். வெளியே பதினேழாம் நம்பர் டோக்கன்காரர் கண்ணாடியைத் தட்டினார். எழுந்து போய்க் கதவை உள்பக்கம் தாழ் போட்டேன்.

"இளமதீ" என்று பேர் சொல்லி அழுதார் அத்தாயி. பத்தொன்பது வருஷத்து அழுகை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்து, பதில் சொல்லாமல் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.